வலது கைகளின் சங்கம்

எங்கள் செவிலியர் சங்கக் கூட்டத்துக்கு யாரும் முழுசாக வருவதில்லை. வேலை அப்படி. வலது கையை மட்டும் அனுப்பிவைப்பார்கள். மருந்து டிராலியில் கைகள் கூட்ட அறைக்குப் போகும். திரும்பி வரும்வரை வார்டுகள் இடது கையால் நடக்கும்.

தலைவர் தவமணி மேடத்துக்கு இது வசதியாக இருந்தது. தீர்மானத்தை வாசித்துவிட்டு மேசையைத் தட்டுவார். அதிர்வு பட்டதும் கைகள் உயரும். கைகளுக்குக் காது கிடையாது.

அவசரப் பிரிவில் நர்ஸ் இசக்கியம்மாளை ஒரு நோயாளியின் மைத்துனன் கன்னத்தில் அறைந்தான். சங்கம் தனக்காகப் பேச வேண்டும் என்று அவள் கேட்டாள். அவன் பெரிய இடத்து ஆள். அதனால் அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மேடம் போன கூட்டத்தில் வாசித்தார். தட்டினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கை மட்டும் போகவில்லை. அது ஒரு பெரியவரின் தொடைக் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

யாரிடம், எதுவரை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானத்தில் இல்லை. ஆகவே இசக்கி அவசரப் பிரிவு வாசலிலேயே நின்று, உள்ளே வருகிற எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பாதத்தில் வேர் விட்டுவிட்டது. தோட்டக்காரர் காலையில் அவளுக்கும் தண்ணீர் ஊற்றினார்.

“வலிக்குதாட்டி?” என்று கேட்டேன்.

“மன்னிச்சுக்கிடுங்கக்கா,” என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் முழுசாகப் போனேன்.

“நீங்க எதுக்கு ஆளா வந்திருக்கீங்க?” என்றார் மேடம்.

“கை தனியா வர மாட்டேங்குது மேடம்.”

“உக்கார எடமில்லையே.”

“நிக்கேன். நமக்குப் பழக்கம்தான.”

நாற்காலிகளில் கைகள் படுத்திருந்தன. ஒன்றில் ஸ்டெரிலைசர் சுட்ட தழும்பு. இன்னொன்றில் கழுவிக் கழுவி வெடித்த தோல். எல்லாம் தெரிந்த கைகள். ஒவ்வொரு உள்ளங்கையிலும் நடந்ததை விரலால் எழுதினேன். செய்ய வேண்டியதையும் எழுதினேன். எழுதி முடித்ததும் கை இறுக மூடிக்கொண்டது.

“என்ன பண்றீங்க?”

“நாடி பாக்கேன் மேடம்.”

பிறகு மேசையை நான் தட்டினேன். “இசக்கி நிக்கிற எடத்துல இனி தலைவர் நிக்கணும்.”

முஷ்டிகள் உயர்ந்தன. மேடம் திரும்பத் திரும்பத் தட்டினார். ஒன்றும் இறங்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாக வந்து அவரைப் பிடித்தன. டிரிப்ஸைப் பிடுங்குகிற நோயாளியை நாங்கள் பிடிக்கிற பிடி. நோகாது. அசையவும் முடியாது.

“விடச் சொல்லுங்க.”

“அதுகளுக்குக் கேக்காதே மேடம்.”

வாசலில் இசக்கியைப் பெயர்த்து, மண்ணைத் தட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார வைத்தேன். கைகள் மேடத்தைத் தூக்கி வந்து அதே குழியில் நட்டன. அளவு சரியாக இருந்தது.

“இனிமே யாருட்டி தலைவர்?” என்றேன்.

இசக்கி காலை நீட்டிக்கொண்டாள். “இருங்கக்கா. மொதல்ல மேடம் சொல்லதக் கேப்போம்.”

கைகளைத் தேடி செவிலியர்கள் வந்தார்கள். உடம்போடு வந்தார்கள். இத்தனை பேர் இருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரவர் கையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மேடம் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். குரல் தெளிவாகவே இருந்தது.

என் முறை வந்தது. எனக்கு அவர் தனியாக ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும் முழுவதையும் கேட்டேன். கேட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றேன்.