புழுக்கள் போன பக்கம்

வாசனைப் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு புழுக்கள். வெறும் தண்ணீர்ப் பக்கம் முப்பத்தொன்பது. நுண்ணோக்கியில் கண் பிதுங்க எண்ணியது நான். ஆய்வுக்கூடத் தலைவருக்குத்தான் பிடிக்கவில்லை.

"பக்கத்த மாத்தி எண்ணிட்டியாம்மா?" என்றார்.

தக்காளி வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் நூற்புழுக்கள் இவை. மணல் நிரப்பிய குழாயின் நடுவில் அவற்றை விட்டு, ஒரு முனையில் இலையிலிருந்து எடுத்த வாசனைச் சாற்றையும் மறுமுனையில் தண்ணீரையும் வைப்போம். எந்தப் பக்கம் போயின என்று மறுநாள் எண்ணுவோம். இந்தச் சாறு புழுவை விரட்டும் என்று தலைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை விவசாயிகள் அதை வாங்க வருகிறார்கள். என் அக்காவும் வருகிறாள். போன வருடம் அவள் தோட்டம் மொத்தமும் புழுவுக்குப் போனது. இன்னொரு தடவை அவள் தாங்க மாட்டாள்.

"நீ சோப்பு வாசனையோட வந்திருப்ப. புழு குழம்பிப் போச்சு" என்றார் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாகச் சோதனை நாளில் பவுடர்கூடப் பூசாதவள் நான். "ஏதோ வெறும் சுவர் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு, ஒரு வாசனையும் இல்ல" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். சென்ட் கமகமக்க நின்றதோ இவர்!

"மறுபடி வைக்கிறேன் சார். நீங்க மட்டும் கிட்ட வராதீங்க."

சாறும் தண்ணீரும் இருந்த பாட்டில்களுக்குக் காகிதம் சுற்றி எண் போடும் வேலையைக் காவலாளி அண்ணனிடம் கொடுத்தேன். எதில் சாறு என்று எனக்கே தெரியாது. மறுநாள் எண்ணி முடித்துக் காகிதத்தைப் பிரித்தால், அதே கதை. புழுக்கள் சாற்றைத் தேடித்தான் ஓடியிருந்தன.

"விரட்டுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா வேற வேலை பாத்துக்க" என்றார் தலைவர்.

அவர் ஜன்னலோரத் தொட்டியில் ஒரு தக்காளிச் செடி உண்டு. தினமும் தானே தண்ணீர் ஊற்றுவார். வேறு யாரும் தொடக்கூடாது. மீந்த புழுக்கள் இருந்த குவளையை ஒரு கையிலும் சாற்றை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அதன் அருகே போனேன்.

"முதல்ல புழுவ ஊத்துறேன் சார். அப்புறம் உங்க மருந்து. விரட்டிடும்ல?"

பாய்ந்து வந்து தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஏய், கீழ வை அத!"

"ஏன் சார்? மருந்துதான் இருக்கே?"

தொட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வாசலில் காவலாளி அண்ணன் சத்தமாக இருமினார். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது எனக்கு. குவளையைக் கீழே வைத்து, என் எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினேன்.

"தொட்டிய வச்சிட்டுப் போடுங்க சார். நீங்க போட்டாலும் போடாட்டியும் வெள்ளிக்கிழமை இந்தத் தாள் எங்க அக்கா கையில இருக்கும்."