இருபத்தெட்டாவது கம்பம்

விளம்பரப் பதிவு ஓடி முடியப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் அறிவிப்பாளர் எழுந்தார். அறுபத்து மூன்று வயதுக்காரனின் சிறுநீர்ப்பை கெஞ்சாது, உத்தரவு போடும். "இந்தா, இங்கயே உக்காந்திரு. இப்ப வந்துடறேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். இப்போதெல்லாம் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். வீட்டுக்கு மீட்டர் பார்க்க வந்தவன் கதவைத் தட்டியதற்குக்கூட உள்ளேயிருந்து ஆட்டினாள். கழிப்பறை வாசலில் வரிசை நின்றது. ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்தபடி அவர் கூடாரத்துக்குத் திரும்பியபோது ஒலிபெருக்கியில் ஒரு மெத்தைக் கம்பெனி நிம்மதியான தூக்கத்தைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. அதன்மேல் அவளுடைய கைக்குட்டை மட்டும், யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டுப் போனது போல.

மணி நாலே கால். ஆறு மணிக்கு மகள் வருகிறாள்.

அந்த வட்டாரத்தில் வருஷத்துக்குப் பதினான்கு விழாக்கள். பூக்காட்சியில் ஆரம்பித்து, புத்தகக் கண்காட்சி, படகுப் போட்டி, கால்நடைச் சந்தை, அறுவடை விழா என்று ஊர் ஊராகப் போய், வருஷக் கடைசியில் பொருட்காட்சியில் முடியும். பதினான்குக்கும் ஒரே தொண்டை. அதனால் அவருக்கு 'தொண்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "தொண்டை வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் விழாக் கமிட்டிக்காரர்கள் கம்பம் நடுவார்கள். மைக் முன்னால் உட்கார்ந்தால் அவர் குரல் ஆழ்கிணற்றிலிருந்து வாளி ஏறிவருவது போல, நிறைந்து, தளும்பாமல் வரும். மைக்கை அணைத்தால் சளி பிடித்த ஆட்டுக்குட்டி. "மைக்ல பேசற ஆளத்தான் நான் கட்டிக்கிட்டேன். வீட்டுக்கு வந்தது வேற யாரோ. நல்லா ஏமாந்துட்டேன்" என்று அவர் மனைவி விருந்தாளிகளிடம் சொல்வாள். முப்பத்தொரு வருஷமாக ஒரே நகைச்சுவை. விருந்தாளிக்கு முன்னால் அவர் சிரித்துவிடுவார்.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. காணாமல் போன குழந்தைகளுக்கான மேஜை அவள் பொறுப்பு. அம்மா பேர் என்ன என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் "அம்மா" என்றுதான் சொல்லும். அப்பா பேர் "அப்பா". அவள் அதெல்லாம் கேட்கவே மாட்டாள். ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "அம்மா வீட்ல உன்னை என்ன சொல்லித் திட்டுவாங்க?" என்பாள். பதில் உடனே வரும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் நீட்டுவாள். "வீட்டில் எருமை என்று அன்போடு அழைக்கப்படும் நான்கு வயதுச் சிறுவன், பச்சைச் சட்டை அணிந்தவன், அறிவிப்புக் கூடாரத்தில் இருக்கிறான்" என்று அவர் கிணற்றுக் குரலில் வாசிப்பார். மூன்று நிமிடத்தில் ஒரு பெண் முகம் சிவக்க ஓடிவருவாள். ஒரு தடவைகூட அந்த வித்தை தப்பியதில்லை.

இரண்டு வருஷமாக அந்த மேஜையில் வேறு ஒரு பெண் இருக்கிறாள். ஒழுங்காக, அம்மா பெயர் கேட்கிறாள்.

மனைவிக்கு முதலில் சாமான்கள் பெயர் போயின. அப்புறம் தெருக்கள். அப்புறம் வீட்டில் அவரைப் பார்த்து, "சார், நீங்க எப்பக் கிளம்புவீங்க? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்" என்று மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தாள். அவர் வாசல் வரை போய், செருப்பை மாட்டி, கழற்றி, திரும்பி வருவார். சில நாள் அது எடுபடும். ஆனால் விழாவுக்குக் கூட்டி வந்தால் அவள் முகம் திறந்துகொள்ளும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கணக்காகச் சின்னச் சிரிப்போடு இருப்பாள். நாற்காலியை அவர் தன் பக்கம் பார்த்துப் போட்டால், எழுந்து அதை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வேடிக்கை பார்க்கிறாள், கூட்டம்தான் அவளுக்கு மருந்து என்று அவர் முடிவு கட்டினார். இந்தப் பருவத்தில் பத்து விழா முடித்து, இது பதினொன்றாவது.

படகுப் போட்டியில்தான் வினை. இரண்டு மணி நேரம் தேடி, முழங்கால் தண்ணீரில் நின்றவளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு மகள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்துவிட்டாள்.

"நர்ஸ் இருக்காங்கப்பா. காத்தோட்டமான ரூம். ஜன்னல் இருக்கு."

"ஜன்னல் நம்ம வீட்லயும்தான் இருக்கு."

"அப்பா. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நானே அங்க வர்றேன். நீங்க எப்படிப் பாத்துக்கறீங்கன்னு பாக்கறேன். இன்னொரு தடவை அம்மா காணாம போனா, அப்புறம் பேச்சே இல்ல. சொல்லிட்டேன்."

அந்தச் சனிக்கிழமைதான் இது.

மெத்தைக் கம்பெனியைப் பாதிப் பாட்டில் வாயடைத்துவிட்டு அவர் மைக்கைப் பிடித்தார். மைதானத்தில் இருபத்தெட்டுக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழாய் ஒலிபெருக்கி. நான்கு லைன், நான்கு சுவிட்ச். பழக்க தோஷத்தில் நான்கையும் போட்டார். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. சாம்பல் நிற ஸ்வெட்டர் அணிந்த, ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க..." மதிக்கத்தக்க என்ன மதிக்கத்தக்க? போன மாதம்தான் ஐம்பத்தெட்டு முடிந்தது. "அம்மா, குரல் வர்ற பக்கமா வாங்க. குரல் வர்ற பக்கமா வந்துடுங்க."

முப்பத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவன் சொல்லக்கூடிய வார்த்தையா அது? தொலைந்த குழந்தைகளிடம் அவர் எப்போதும், பக்கத்துக் கம்பத்தடியில் அசையாமல் நில் என்றுதான் சொல்லுவார். குரல் இருபத்தெட்டுப் பக்கமும் வருகிறதே!

அடுத்த நிமிடம் ஒயர்மேன் போன் செய்தான். கம்பம் ஏறுகிறவன்; மேலேயிருந்து எல்லாம் தெரியும்.

"அண்ணே, அக்காவைப் பாத்துட்டேன். மாட்டுக் கொட்டகைக்கிட்ட. ஒரு கம்பத்துக்கு ஓடறாங்க, நிமிந்து பாக்கறாங்க, அடுத்த கம்பத்துக்கு ஓடறாங்க. பம்பரமா சுத்தறாங்கண்ணே."

"கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாடா!"

"போண்ணே. படகுப் போட்டியில கையப் புடிச்சேன். பிள்ள புடிக்கறவன் மாதிரி பொம்பள புடிக்கறவன்னு நெனச்சு நாலு பேர் மொத்தினாங்க. முதுகுல இன்னும் அவங்க செருப்பு நம்பர் இருக்கு. நீ வாண்ணே."

அவர் மைக்கை வைத்துவிட்டு எழுந்தார். "அண்ணே, பேச்ச நிறுத்தாத!" என்று போன் கத்தியது. "நீ நிறுத்தினதும் மெயின் கேட்டுப் பக்கம் நடக்கறாங்க. பேசு, பேசு!"

கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலை. அவர் உட்கார்ந்தார். பேசினால் போக முடியாது. போனால் பேச முடியாது. நான்கு சுவிட்சுகளையும் ஒரு கணம் பார்த்தார். பிறகு மூன்றை அணைத்தார். கொட்டகைப் பக்கம் போகும் இரண்டாவது லைன் மட்டும்.

"இந்தா" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் அவளை அவர் அழைத்த ஒரே பெயர் அது. மைக்கில் அதைச் சொன்னதே இல்லை. கிணற்றுக் குரலில் அது ஏதோ பெரிய அறிவிப்பு மாதிரி போய் மாடுகள்மேல் விழுந்தது.

"நின்னுட்டாங்கண்ணே."

"இந்தா, நான்தான். அந்த எருமைப் பையன் ஞாபகம் இருக்கா? அவங்கம்மா வந்து, யாரு உன்னை எருமைன்னு சொன்னதுன்னு கேட்டாங்களே? அவன் உன்னைக் கையக் காமிச்சான். நீ பிஸ்கட்ட புடுங்கிக்கிட்ட. ஞாபகம் இருக்கா?" இரண்டாவது லைனை அணைத்து, ராட்டினத்தைச் சுற்றியிருக்கும் மூன்றாவதைப் போட்டார். "இங்க வா. இங்கதான் பேசிட்டு இருக்கேன்."

"நடக்கறாங்க! அக்கா நடக்கறாங்க!"

இப்படியாக, மைக் பிடித்த ஒரு வழுக்கைத் தலையர், மாட்டுக்காரர்களும் ராட்டினக்காரனும் பஞ்சுமிட்டாய் வாங்க நின்றவர்களும் கேட்க, தன் குடும்பத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். அவள் சமைத்துக் கருக்கியதும், அவர் அதைத் தின்றுவிட்டு அருமை என்று பொய் சொன்னதும், மகள் பிறந்த அன்று அவர் மயங்கி விழுந்து ஒரு நர்ஸ் பிள்ளையையும் இன்னொரு நர்ஸ் அவரையும் பார்த்துக்கொண்டதும். மைதானத்தின் ஒரு மூலை சிரித்தது. பேச்சு எந்த லைனில் போகிறதோ அந்தப் பக்கம் மட்டும் சிரிப்பு. அது நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மூன்றாவதை அணைத்து நான்காவது. பிறகு அதையும் அணைத்தார். கூடாரத்தின் முன் நிற்கும் இருபத்தெட்டாவது கம்பத்துக்கு மட்டும் தனி இணைப்பு உண்டு. அது மட்டும் பேசியது.

அவள் வந்தாள். ஸ்வெட்டரில் வைக்கோல். ஓடிவந்த பிள்ளையைப் போல மூச்சு வாங்கக் கம்பத்தடியில் வந்து நின்று, நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பருவம் முழுக்க நாற்காலியில் பார்த்த அதே சின்னச் சிரிப்பு.

மணி ஐந்தே முக்கால். சமாளித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். வைக்கோலைத் தட்டிவிட்டு, தலையைச் சீவிவிட்டு உட்கார வைத்தால், மகளுக்கு ஒன்றும் தெரியாது. மைக்கை அணைத்துவிட்டுப் பாய்ந்து வெளியே வந்து அவள் கையைப் பிடித்தார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். கோபமில்லை, மரியாதையாகத்தான். கண் இன்னும் மேலேதான் இருந்தது.

"கொஞ்சம் இருங்க சார். எங்க வீட்டுக்காரர் பேசிட்டிருந்தார். திடீர்னு நின்னு போச்சு."

"இந்தா, நான்தாம்மா பேசினேன். உள்ள உக்காந்து நான்தான் பேசினேன்." ஆட்டுக்குட்டிக் குரல். அவருக்கே அது யாருடையதோ போல இருந்தது. தொண்டையைச் செருமி, வயிற்றிலிருந்து இழுத்து, கிணற்றுக் குரலை வெறும் வாயால் வரவழைக்கப் பார்த்தார். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு..."

அவள் முதல் தடவையாக அவரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, அப்படியே அவர் மாதிரியே பேசறீங்களே! நல்லா மிமிக்ரி பண்றீங்க." பிறகு ரகசியம் போலக் குனிந்து, "அவர் முன்னாடி பண்ணிடாதீங்க. பாவம், வருத்தப்படுவார்."

காலி நாற்காலி கூடாரத்து வாசலில் வெளிப்பக்கம் பார்த்தபடி கிடந்தது. அதிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்தால் எங்கே போய் முட்டும் என்று அவர் பார்த்தார். கம்பம். கம்பத்தின் உச்சியில் குழாய். கூட்டமும் இல்லை, ராட்டினமும் இல்லை.

அவள் மெல்ல கேட்டுப் பக்கம் திரும்பினாள். "எங்க போயிட்டார்னு தெரியலையே..." என்று இரண்டடி வைத்தாள். அவர் உள்ளே ஓடி மைக்கைத் தட்டினார். "இந்தா!" அவள் நின்றாள். திரும்பினாள். வந்து கம்பத்தடியில் நின்று குழாயைப் பார்த்தாள்.

போன் அதிர்ந்தது. மகள். எடுத்தால் பேச்சு நிற்கும். அது அதிர்ந்து அதிர்ந்து மேஜையில் நகர்ந்து, விளிம்பில் நின்றது. இனி வீட்டுக் கதை மிச்சமில்லை. எதிரே சுவரொட்டியில் அடுத்த வருஷ விழாப் பட்டியல் இருந்தது. அதை வாசிக்க ஆரம்பித்தார். பூக்காட்சி, வசந்தத்தின் முதல் வாரம், மூன்று நாட்கள், நாய்களை அழைத்து வர வேண்டாம். புத்தகக் கண்காட்சி. படகுப் போட்டி, குழந்தைகளைக் கரையோரம் விடாதீர்கள். கிணறு நிறைந்து, தளும்பாமல் வந்தது.

ஆறு மணிக்கு ஒயர்மேன் கூடாரத்து வாசலில் வந்து மெயின் பெட்டியைத் திறந்தான். கமிட்டி உத்தரவு, ஆறுக்கு மேல் மின்சாரம் கிடையாது. பெரிய சுவிட்சில் கை வைத்தான். அவளைப் பார்த்தான். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை எடுக்காமல், மறு கையின் ஐந்து விரலை விரித்து, இன்னும் ஐந்து நிமிடம் என்று காட்டினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் தோள் தளர்ந்தது. அம்மா பத்திரமாக இருக்கிறாள். "அம்மா" என்று பக்கத்தில் போனாள். அம்மா அவளைப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்தாள். மகள் குழாயை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கூடாரத்துக்குள், மைக்குக்குப் பின்னால் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் மகளைப் பார்த்துத் தலையாட்டினார். பட்டியலின் கடைசி வரியை வாசித்து முடித்தார். மூச்சுக்கூட விடாமல், மறுபடி பூக்காட்சியிலிருந்து ஆரம்பித்தார்.