முன்வரிசை நாற்காலி

பச்சை போகவே மாட்டேன் என்கிறது, தலையணை உறையைக் கசக்கக் கசக்க ஓரத்தில் அந்தக் கறை அப்படியே நிற்கிறது, குழாய்த் தண்ணீர் விரலை மரத்துப்போக வைக்கிறது, கதகளிக்காரர் தேங்காயெண்ணெய் தேய்த்து முகத்தை எவ்வளவு துடைத்தும் காதுக்குப் பின்னால் கோட்டை விட்டுவிட்டார், காலையில் எழுந்து பார்த்து அய்யோ அம்மே, தலையணை நாசமாயல்லோ என்று நெளிகிறார், போகட்டும் விடுங்க, வெளுத்தா போயிரும் என்கிறேன் நான், இது போன மழைக்கா அதற்கும் முந்தியா, தெரியவில்லை, வந்தவர்கள் எல்லோரும் ஒரே கட்டிலில் படுத்தெழுந்து போனதால் எனக்கு ஒருவர் மேல் ஒருவராக ஏறிக்கிடக்கிறார்கள். எங்கள் மலையில் சினிமாக் கொட்டகைகூடக் கிடையாது, தேயிலை ஃபாக்டரி, ஒரு சர்ச், ஒரு மாரியம்மன் கோயில், நான் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற எஸ்டேட் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் ஊர், இங்கே பேக்கரி எபனேசரும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து ஒரு கலைச் சங்கம் தொடங்கினார்கள், லாபம் என்ற பேச்சே இல்லாத சங்கம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கிருந்தாவது ஒரு கலைஞரை மலையேற்றிக் கூட்டிவந்து என் வீட்டுக்கு மேல்பக்கம் இருக்கிற ஹாலில் ஆட வைப்பார்கள், பாட வைப்பார்கள், தங்க லாட்ஜ் இல்லை, தனிக்கட்டையான என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது, சிஸ்டர், ஒரு ராத்திரிதான், பாத்துக்குங்க என்றார் எபனேசர், அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்போதெல்லாம் ஒரு நிகழ்ச்சியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை, சொன்னால் சிரிப்பார்கள், அவர்கள் ஆடும்போது நான் வெந்நீர் போட்டுக்கொண்டும் குழம்பு கூட்டிக்கொண்டும் இருப்பேன், மேலேயிருந்து ஸ்பீக்கர் வழியாகச் சலங்கையும் செண்டையும் அடுப்படிக்கு வரும், ஆனால் வில்லுப்பாட்டு அம்மாள் மேடையேறும் முன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும், பொம்மலாட்டக்காரர் பொம்மைகளைக் கட்டிலில் வரிசையாகப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டுத் தான் தரையில் சுருண்டுகொள்வார் என்பது தெரியும், ஒரு ஞாயிறு ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, கரண்ட் போய்விட்டதாக்கும் என்று கரண்டியோடு கேட்டுக்கு ஓடினால் ஹாலில் விளக்கு எரிகிறது, திடீரென்று கைதட்டல், வந்திருந்தவன் பேசாமலே நடிக்கிறவனாம், பாண்டிச்சேரிப் பையன், சாப்பிட்டு முடித்ததும் ஆன்ட்டி, உங்கள செஞ்சு காட்டவா என்று எழுந்தான், முந்தானையில் கை துடைக்கிறான், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுகிறான், நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன், பிறகு கேட்டில் கைவைத்து எட்டி எட்டி ரோட்டையே பார்க்கிறான், பார்த்துக்கொண்டே நிற்கிறான், போதும்ப்பா என்றேன், அவன் வரும் வழி பார்த்து அவ்வளவு நேரமா நான் அப்படி நின்றிருந்தேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், யார் கேட்டாலும் அத ஏன் கேக்குறீங்க, முதுகு ஒடியுது, வயசாச்சுல்ல என்று அலுத்துக்கொள்வேன், நாம் எல்லோரும் அலுத்துக்கொள்கிற மாதிரிதான், சந்தோஷமாகச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கு வருகிறது, எபனேசர் அதை அப்படியே நம்பிவிட்டார், ஒருநாள் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு சால்வையும் கேக்குமாக வந்து நிற்கிறார், பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜ் தொறந்துட்டாங்க சிஸ்டர், நம்ம சங்கத்துக்கு ரூம் சும்மாவே தர்றாங்களாம், இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல, ஜம்முனு வந்து முன்வரிசையில உக்காந்து பாருங்க, நாற்காலியில உங்க பேரே எழுதி ஒட்டிட்டோம் என்கிறார், லாட்ஜ் வேண்டாம், என் வீட்டுக்கே அனுப்புங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும், நல்லதாப் போச்சு என்றேன், சால்வையைப் போட்டபோது சிரித்தேன்கூட.

அடுத்த ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒடிசி ஆட வந்த பெண், தலையில் வெள்ளைக் கிரீடம், இடுப்பை ஒடித்து ஒடித்து நிற்கிறாள், அழகாகத்தான் இருந்திருக்கும், எனக்கென்னவோ அவள் காலையிலிருந்து என்ன சாப்பிட்டாளோ என்றே ஓடியது, இந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் கொண்டுவந்தாளா, தமிழ் தெரியாவிட்டால் என்ன, அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து கையால் கேட்டிருப்பாள், கையால் சொல்லியிருப்பேன். முடிந்து எல்லோரும் கலைகிறார்கள், எனக்குத் துணிச்சல் வந்தது, எபனேசரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கே வரட்டும் எபனேசர், எனக்கு ஒண்ணும் சிரமமில்ல, யாராச்சும் வந்தாத்தான் எனக்கு நல்லாருக்கு என்றேன், என் வாழ்க்கையில் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான், அவர் உருகிப்போய் என் கையைத் தட்டிக்கொடுத்தார், பாத்தீங்களா, முதுகு ஒடிஞ்சாலும் எங்க சிஸ்டருக்கு விருந்து மறக்கல, இந்த மனசு யாருக்கு வரும் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணை லாட்ஜுக்குப் போகிற ஜீப்பில் ஏற்றினார்.

ஜீப் கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்தாள், மேடையிலிருந்து எல்லோருக்கும் கும்பிட்ட அதே கும்பிடு, அதே சிரிப்பு, என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டோரத்தில் தனியாக நின்று கைதட்டினேன்.