ஐம்பத்தைந்து இஞ்ச் அட்டைப்பெட்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டுப் பரணில் மூன்று வருஷமாகத் தூசி தின்றுகொண்டு கிடந்தது.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குரும்பலூர் ராஜதுரை என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். இப்போது சொந்தமாக ஒரு மினி லோடு வண்டி ஓட்டுகிறான். பழைய மாணவர்கள் வீடு தேடி வந்தால் பத்திரிகை வைப்பார்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டு கேட்பார்கள். இவன் கேட்டது வேறு.

"சார், ஒங்க டிவி வந்த அட்டப்பெட்டி இருக்குதுங்களா?"

"எதுக்குடா?"

"காலிப்பெட்டி போதுங்க சார். அம்பத்தஞ்சு இஞ்ச்சுன்னு மேல போட்டிருக்கணும். அவ்ளோதான்."

(டிவி வந்த பெட்டியை ஏன் பத்திரப்படுத்தி வைக்கிறோம் என்று கேட்காதீர்கள். உங்கள் பரணிலும் ஒன்று இருக்கிறது.)

டிவி கேட்கிறவனைப் பார்த்திருக்கிறேன். டிவி இல்லாத பெட்டியைக் கேட்டு வருகிறவனை அன்றுதான் பார்த்தேன். எழுதுகிற ஆளுக்கு இது போதாதா? என் கை அப்போதே பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டது.

2

ஆரம்பங்கள். மூன்று எழுதினேன். இரண்டை அடித்துவிட்டேன். அடித்ததையும் காட்டுகிறேன், கூலி இல்லாமல் உழைத்தது வீணாகக் கூடாது.

முதல் ஆரம்பம்: "கங்கை வரை வென்று வந்த மாமன்னன் தலைநகர் அமைத்த மண்ணில், ஓர் எளிய டிவி…" நிறுத்திவிட்டேன். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் எது நடந்தாலும், ஆடு காணாமல் போனாலும்கூட, ராஜாவை இழுத்துவந்து நிறுத்துவது எங்கள் பக்கத்து எழுத்தாளர்களின் வியாதி.

இரண்டாவது: "ஜானகியின் சோகம் ததும்பும் விழிகள் அந்த ஜன்னலையே…" இதுவும் பொய். ஜானகியின் விழிகளில் எதுவும் ததும்பவில்லை. டிவிக் கடையில் அவள் என்னைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான், அதுவும் கோபமாக.

மூன்றாவது: "எத்தனை இஞ்ச்?" இது சரி. எல்லாச் சண்டையும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. ஆனால் இதற்குள் போவதற்கு முன் ஆட்களைச் சொல்லிவிட வேண்டும்.

ராஜதுரையின் தங்கை ஜானகி. தையல்காரி. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் குழந்தைவேல், அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். அவர்கள் புது வீடு கட்டிவிட்டார்கள். குடிபோகிற அன்று பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். அண்ணன் டிவி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

எத்தனை இஞ்ச்?

3

பெட்டி கேட்டு அவன் வருவதற்கு இருபது நாள் முன்பு, டிவி எடுக்க நாங்கள் நாலு பேரும் பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனோம். "சார் வந்தா ஏமாத்த மாட்டாங்க" என்று ராஜதுரை என்னையும் கூட்டிப் போயிருந்தான். (நான் அறிவியல் வாத்தியார். என் வீட்டு டிவியைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி ஹேமலதா.)

கடையில் முப்பது டிவிகளிலும் ஒரே மஞ்சள் மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"இருக்கறதுலயே பெருசு எதும்மா?" என்றார் குழந்தைவேல்.

விற்பனைப் பெண் பூவிழி, "ஹால் எவ்ளோ பெருசுண்ணே?" என்று கேட்டாள்.

"ஹால் கெடக்கட்டும். எங்க பங்காளி வீரமணி வூட்ல அம்பது மாட்டியிருக்கான். அதுக்கு மேல காட்டு."

பூவிழி ஐம்பத்தைந்தைக் காட்டினாள். ஜானகி பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து, டிவியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிடித்தாள்.

"ஏம்மா, அம்பத்தஞ்சுங்கிற. நாப்பத்தெட்டரதான வருது?"

"அது மூலைக்கு மூல அளக்கணுங்க்கா."

ஜானகி அப்படியும் அளந்தாள். சரியாக வந்தது. "இந்த மாதிரி அளவெடுத்து நான் ரவிக்க தச்சா ஊரே அடிக்க வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பி, "ஏங்க, ஜன்னலுக்குப் பக்கத்துல நம்ம செவுரு முப்பத்தாறு இஞ்ச்சுதான். இத மாட்டுனா ஜன்னல மறச்சிரும். முப்பத்திரண்டே போதுங்க" என்றாள்.

"ஜன்னல மூடிட்டாப் போச்சு. டிவி பாக்கையில வெளிச்சம் கூசத்தான் செய்யும்."

"தையல் மிஷின அங்கதான போடணும்?"

"லைட்டு போட்டுக்க. சார், நீங்க சொல்லுங்க."

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மூன்று பிரதிகளில் அதை எழுதாமல் தாண்டிப் போனேன். நாலாவதில் எழுதிவிடுகிறேன். "பெரிய திரையில் பார்த்தால் கண்ணுக்கு நல்லதுதான்" என்றேன். அப்போதுதான் ஜானகி என்னைப் பார்த்தாள். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஐம்பத்தைந்தே என்று முடிவாகி, குடிபோகிற வாரம் வந்து எடுத்துக்கொள்வதாக ராஜதுரை கடையில் சொல்லிவிட்டு வந்தான்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மற்ற மூன்று சுவர்கள் என்னாச்சு என்று கேட்பீர்கள். ஒன்றில் வாசக்கால், ஒன்றில் மாடிப்படி, ஒன்றில் பூஜை அலமாரியும் அடுப்படிக் கதவும். மிஷினை வேறு இடத்தில் போடக் கூடாதா என்றால், அடுப்படியில் எண்ணெய் தெறிக்கும், படுக்கையறைக்குள் அளவு கொடுக்க யாரும் வர மாட்டார்கள், வெளி வராண்டாவில் ஆடு ஏறும்.]

பழைய வீட்டில் பன்னிரண்டு வருஷம் பட்டப்பகலில் டியூப் லைட் போட்டுத் தைத்தவள் அவள். அரக்குத் துணிக்கு அரக்கு நூல் என்று நினைத்துக் காப்பிக் கலர் நூலில் தைத்துவிட்டு, வெளியே போய்ப் பார்த்துத் திரும்பவும் பிரித்திருக்கிறாள். புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஹாலில் வடக்குப் பார்த்து நாலடி அகலத்துக்கு ஒரு ஜன்னல். அது கிடைத்துவிட்டது. அதைத்தான் இப்போது ஒரு மஞ்சள் மீனுக்காக மூடப் பார்த்தார்கள், நானும் சேர்ந்து.

4

ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம்.

முதல் பிரதியில் குழந்தைவேலை வில்லனாக்கியிருந்தேன். கை மீசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு இடத்தில் உறுமினார். ஹேமலதா படித்துவிட்டுக் காகிதத்தை என் மடியிலேயே போட்டாள்.

"ஏங்க, அந்த மனுசன் மீசையே வச்சிக்கல."

"கதைக்காகத்தான்…"

"காலையில நாலு மணிக்குப் போய் சுண்ணாம்புத் தூசியில ஒக்காந்து ஓட்டுறாரு. பங்காளி வூட்ல போய் ஓரமா நின்னு மேட்ச் பாத்தவரு. நம்ம வூட்லயும் ஒண்ணு பெருசா இருக்கட்டும்னு நெனச்சா அது குத்தமா? ஜானகிகிட்ட ஒரு வார்த்த கேக்காததுதான் குத்தம். அத மட்டும் எழுதுங்க."

மீசையை எடுத்துவிட்டேன். உறுமலும் போய்விட்டது. வில்லன் இல்லாமல் கதையை எப்படி நகர்த்துவது என்று தெரியாமல் இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.

5

யோசனை ஜானகியுடையது. கடையிலிருந்து போன மறுநாளே அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"அண்ணே, நீ சின்னதையே எடு. ஆனா பெரிய பெட்டியில வச்சுக் கொண்டாந்துரு. ஊருக்குப் பெட்டிதான் வேணும். எனக்குச் செவுரு வேணும்."

"மாப்ள பிரிச்சுப் பாத்தா?"

"பிரிக்கிறப்ப நான் பாத்துக்கறேன்."

ராஜதுரைக்கு மாப்பிள்ளை என்றால் பயம், தங்கை என்றால் அதைவிடப் பயம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பரணுக்கு வந்தான்.

சின்ன டிவியை அதன் பெட்டியோடு பெரிய பெட்டிக்குள் நிறுத்தினோம். சுற்றிலும் அவ்வளவு இடம் மிச்சம். நாலு தலையணை வைத்து அடைத்தோம். தூக்கிப் பார்த்தால் எடை பத்தவில்லை. ஐம்பத்தைந்து இஞ்ச் டிவியை ஒரே ஆள் ஒரு கையால் தூக்கிப் போனால் வீரமணி சும்மா இருப்பாரா? கிரைண்டர் கல், உப்பு மூட்டை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஹேமலதா உள்ளே போய் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் முதல் சிறுகதைத் தொகுப்பின் விற்காத பிரதிகள், ஐம்பது.

"இத வையுங்க. கேட்டு யாரும் வரப் போறதில்ல."

[இதை நான் கற்பனையாகச் சேர்த்தேன் என்று நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். கட்டிலுக்கு அடியில் இன்னும் இருநூறு இருக்கிறது.]

6

அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக ராஜதுரையின் வண்டியில் போனோம். ஊர் எல்லையில் இறங்கியதும் மேளம் தொடங்கியது. முன்னால் தாம்பாளங்களில் பழம், பூ, சேலை. பின்னால் ரோஜா மாலை போட்ட பெட்டி, நாலு பேர் தோளில். மைக்கில் ஒருவர், "அம்பத்தஞ்சு இஞ்ச்! தாய் வூட்டுச் சீரு!" என்று மூன்று தடவை கத்தினார். எழுத்தாளனாக இத்தனை வருஷத்தில் என் புத்தகத்துக்கு ஒரு வெளியீட்டு விழா நடந்ததில்லை. அன்று மேளதாளத்தோடு நடந்தது. எனக்குக் கண் கலங்கியது நிஜம்.

சாப்பாடு முடிந்த கையோடு வீரமணி ஆரம்பித்தார். "பெட்டியப் பிரிங்கப்பா, எல்லாரும் பாத்துட்டுப் போவோம்."

கூட்டம் ஹாலுக்குள் வந்தது. குழந்தைவேலின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தேங்காய் அரிந்த கத்தியை என்னிடம் நீட்டினார். "சார், ஒங்க கையால பிரிங்க."

கையில் கத்தி. எதிரே மாலை போட்ட பெட்டி. ராஜதுரையைக் காணோம்.

7

இங்கே முடிவுகளை வைக்கிறேன்.

முடிவு அ: நான் பிரிக்கிறேன். தலையணை விழுகிறது, புத்தகங்கள் சரிகின்றன. அதுவும் சீர்தான் என்று நினைத்து, தாம்பூலப் பையோடு ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துப் போகிறார்கள். பத்து நாளில் முந்திரிக்காட்டுக்குள் என் வாசகர்கள் ஐம்பது பேர்… (இது என் ஆசை. கதையில் இதற்கு இடமில்லை.)

முடிவு ஆ: குழந்தைவேல் மனம் மாறி, ஜன்னலைப் பார்த்துக் கண்ணீர்… (சரிப்படாது. அவர் ஆறு பந்தி பரிமாறிய களைப்பில் இருந்தார்.)

நடந்தது இது. அடுப்படியிலிருந்து ஜானகி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சார், பிரிக்காதீங்க. கம்பெனி ஆளு வந்துதான் பிரிக்கணும். நாம கை வச்சா வாரண்டி போயிரும்."

அவ்வளவுதான். வாரண்டி என்ற சொல்லுக்கு அந்த ஊர் அடங்கியது. வீரமணியே, "ஆமா ஆமா, எங்களுதும் அப்படித்தான்" என்று பின்வாங்கினார்.

நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. குழந்தைவேல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பைத் தானே கிழித்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. தலையணையை எடுத்தார். என் புத்தகம் ஒன்றை எடுத்து, பின்னட்டையில் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சின்னப் பெட்டியைத் திறந்து டிவியை வெளியே எடுத்தார். எங்கள் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சொன்னனே. கடையில வச்சு, அத்தன பேரு முன்னால சொன்னேன். ஜன்னல மூடிட்டாப் போச்சுன்னீங்க."

குழந்தைவேல் டிவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊருக்கு ஐம்பத்தைந்து என்று சொன்ன மைக் செட்டை வெளியே அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு வீரமணி வந்து கேப்பான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், கடையில ஒரு வாரத்துக்குள்ள மாத்தித் தருவாங்க. மாத்தவா, மாட்டவா? நீங்க எழுதுறவரு, சொல்லுங்க."

ஜெயங்கொண்டத்துக்கு ஐந்து மணி பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

8

ஆகவே வாசகர்களே, முடிவை உங்களிடம் விடுகிறேன். மாற்றவா, மாட்டவா? ஒரு பக்கம் நாளெல்லாம் தூசி குடித்த மனிதரின் ஒரே ஆசை. இன்னொரு பக்கம்…

நேற்று இந்த வரி வரை எழுதிவிட்டு, நாகரிகத்துக்காக ஜானகிக்குப் போன் செய்தேன். குடிபோய் மூன்று மாதமாகிவிட்டது. இந்த மாதிரி ஒரு கதை எழுதுகிறேன், பெயரை மாற்றிவிடுகிறேன், முடிவை மட்டும் படிக்கிறவர்கள் கையில் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"அவங்க கையில எதுக்கு?"

"அது ஒரு உத்திம்மா. நவீனக் கதையில அப்படித்தான்."

"அவரும் கடையில ஒங்களக் கேட்டாரு. பெட்டி பிரிச்சன்னைக்கும் ஒங்களத்தான் கேட்டாரு. இப்ப நீங்க ஊரையே கேக்குறீங்க. ஜன்னல் எனக்கு வேணும்னு வச்சது. எங்கிட்ட எப்ப சார் கேப்பீங்க?"

கடையில் ஒரு தடவை, காகிதத்தில் நாலு தடவை, அவர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். அவருக்காவது எழுதத் தெரியாது.

"தப்புதாம்மா. இப்ப கேக்குறேன். என்ன ஆச்சு? மாத்துனாரா, மாட்டுனாரா?"

"இருங்க சார், வெளிச்சம் எறங்குறதுக்குள்ள இந்த ரவிக்கைக்குக் கைய ஏத்திர்றேன். அரக்குத் துணி. நூலு பாத்துக் கோக்கணும். அப்புறம் சொல்றேன்."

போனை அவள் அணைக்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டே பேனாவை மூடினேன்.