செத்துப்போன தையல்காரர் வந்த நாள்

6.8.2002, செவ்வாய்.
இன்று தெரியவந்த தவறு: ஒன்று. ‘மேல்மாடிக் குடும்பம்’ தொடரில் தையல்காரர் பேசும் குடை வசனத்தை எடுத்துவிட்டு, ‘மழை வரும்போல இருக்கே’ என்று எழுதியிருந்தேன். குடை வசனத்துக்குப் பொருள் இல்லை என்று நினைத்தேன். இருக்கிறதாம். சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு என்ன ஆதாரம் என்று தெரியவில்லை.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று ஷெமி கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடிக்காமலே டைரியை மூடினாள்.

மலையாள நாட்டுத் தலைநகரின் சாலைக்கடைச் சந்தையில் ஒரு மொத்த அரிசிக்கடைக்கு மேலே இருந்தது அருமைநாயகம் அண்ணாச்சியின் டப்பிங் ஸ்டுடியோ. மலையாளத் தொடர்கள் அங்கே வந்து, தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, ஒரு தமிழ் சானலுக்குப் போகும். காலையில் கீழே லாரி வந்து மூட்டை இறக்கி முடியும்வரை மைக்கைத் திறக்க வழியில்லை. அதனால் காலை எழுதுவதற்கு, மதியத்துக்கு மேல் குரலுக்கு. ஷெமி எழுதுகிறவள். திரையில் உதடு எங்கே மூடுகிறதோ அங்கே தமிழிலும் உதடு மூடவேண்டும். அதுதான் வேலை. பாறசாலையிலிருந்து ரயிலில் வந்து போகிறாள். மூன்று மாதம் பார்க்கலாம், பஞ்சாபகேசன் சார் சரி என்றால் நிரந்தரம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

பஞ்சாபகேசன் சார் ‘நாலாவது வளைவு’ தொடருக்கு எழுதுகிறவர். இரண்டு வருடமாக ஓடும் தொடர், ஒரு தெருவின் கதை. அந்தத் தெருப் பெண் ஒருத்தி கல்யாணமாகி அடுக்குமாடிக் கட்டிடத்துக்குக் குடிபோவதிலிருந்து கிளைத்ததுதான் ஷெமி எழுதும் ‘மேல்மாடிக் குடும்பம்’. இரண்டையும் எடுப்பது ஒரே கூட்டம். அவர்களுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி உண்டு. ஒரு தொடரின் சாமானை இன்னொன்றில் ஒளித்துவைப்பார்கள். இதெல்லாம் ஷெமிக்குத் தெரியாது. தமிழில் ‘நாலாவது வளைவு’ ஓடும் நேரத்தில் அவள் ஓவர்பிரிட்ஜ் பக்கத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் பக்கத்து நாற்காலி ஷிஜி இரண்டையும் வீட்டில் ராத்திரி மலையாளத்திலேயே பார்க்கிறவள். அவள்தான் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கண்ணைத் திறந்துவைத்தாள்.

“மேல்மாடில அந்த லிஃப்ட் ரிப்பேர்னு ஒரு போர்டு தொங்குமே, அதுல யாரு கையெழுத்துன்னு பாத்தியா? நாலாவது வளைவுல வாடக வாங்குற வீட்டுக்காரரு! தையல் கடைச் சுவத்துல ஒட்டிருக்க கல்யாணக் கார்டு ரெண்டு வருசம் முந்தி அந்தத் தெருவுல நின்னுபோன கல்யாணத்துக்க கார்டு! குடை வசனம் கேட்டு எங்க அப்பாக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிட்டு. அதத் தமிழ்ல எப்பிடி எழுதின?”

“எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா?” ஷிஜி நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயெல்லாம் சீரியலுக்கு எழுதப் போயிட்ட.”

அது செவ்வாய். புதன்கிழமை மதியம், அதைவிடப் பெரியது ஒன்று வந்து நின்றது.

ராகேல் அக்கா குரல் கொடுக்க வந்திருந்தாள். ஒரு நாளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் அவளே பேசிவிட்டு, வெற்றிலை போடக் கீழே இறங்கிப்போகிற ஆள். ‘மேல்மாடி’யில் அவளுக்கு அன்றுதான் முதல் நாள், அடுத்த வீட்டுக்காரியின் குரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் சிபியும், பக்கத்தில் வசனத்தாளோடு ஷெமியும் இருந்தார்கள். திரையில் கதவு திறந்தது. தையல்காரர் ஒரு பையோடு உள்ளே வந்தார்.

ராகேல் அக்கா தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள்.

“எம்மாடி! இது எனக்க மாப்ளயாக்கும்!”

“உங்களுக்கு எத்தன மாப்ளதான் அக்கா?” என்றான் சிபி.

“சிரிக்காதல! நாலாவது வளைவுல இவனுக்கப் பெஞ்சாதிக்கு நாந்தான் குரல். இவன் செத்ததுக்கு நான் அழுத அழுகைல, கீழ அரிசிக்கடைக்காரன் என்னமோ ஏதோன்னு மாடியேறி ஓடி வந்துட்டான். அஞ்ச, அந்தத் தெருவுல, இவன் பேரு சுப்பையா. செத்தவன் இஞ்ச வந்து ஐயப்பன்னு சொல்லிட்டு ஜம்முனு நிக்கான்!”

சிபி டேப்பை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷெமிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. சில்லறைப் பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துவிடுவார்கள், உதடு மூடும் இடம் மட்டும் மாறக்கூடாது. மலையாளத்தில் குட்டப்பனாக இருந்த தையல்காரருக்கு ஐயப்பன் என்று பெயர் வைத்தவள் ஷெமி. உதடு அச்சாகப் பொருந்தியது என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமைகூட உண்டு. இப்போது அவர் முன்பே சுப்பையா. அதிலும் செத்துப்போன சுப்பையா.

அவளைப் பயமுறுத்தியது இன்னொன்று. அடுத்த எபிசோடைக் காலையில்தான் எழுதி முடித்திருந்தாள், மறுநாள் பதிவு. அதில் தையல்காரர் நேராக நாலாவது வளைவுத் தெருவுக்கே போகிறார். அந்தத் தெரு ஜனம் முழுக்கத் திரண்டு வருகிறது. வீட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து, மஸ்கட்டிலிருந்து எப்போது வந்தாய் என்று கேட்கிறார். செத்தவரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? ‘நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டு எழுதியிருக்கிறேன்’ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவளுக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான்.

ராகேல் அக்காவின் பகுதி முடிந்ததும் ஷெமி வகுப்புக்குக் கிளம்பவில்லை. டேப் அடுக்கியிருந்த அறைக்குப் போய், ‘நாலாவது வளைவு’ மலையாள டேப்பையும் தமிழ் டேப்பையும் தேடி எடுத்தாள். முதலில் மலையாளம். தையல்காரரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மஸ்கட்டுக்குப் போய்விட்டாரே என்று. அவ்வளவுதான். பெட்டி தூக்கிக்கொண்டு பிறந்தவீடு போகிறாள். பிறகு தமிழ். அதே படி, அதே முகம், ராகேல் அக்காவின் குரல்: “என்னைத் தனியா விட்டுட்டுப் போய்ச் சேர்ந்துட்டீங்களே!”

திருப்பி ஓட்டினாள். இன்னொரு தடவை ஓட்டினாள். குட்டப்பன் மலையாளத்தில் சாகவில்லை. தமிழில் மட்டும் சாகடிக்கப்பட்டிருந்தார். சாகடித்தவர் பஞ்சாபகேசன் சார்.

சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தாள். எபிசோட் ஓடும். செத்தவர் தெருவில் நடக்கிறார் என்று சானலுக்கு ஃபோன் வரும். சானல் அண்ணாச்சியைக் கேட்கும். ‘மேல்மாடி’ யார் எழுதுவது என்று அண்ணாச்சி கேட்பார். சொல்லிவிட்டால்? தன்னை வேலையில் வைக்கலாமா வேண்டாமா என்று சொல்லப்போகிற மனிதரிடம் போய், நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லவேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவளுடைய வெள்ளிக்கிழமை அடிபடுவதாகவே தெரிந்தது.

கோட்டைக்குள் இருக்கும் வீட்டிலிருந்து சாயங்காலம் பஞ்சாபகேசன் சார் வசனத்தாளைக் கொடுக்க நடந்து வருவார். அன்றும் வந்தார். டேப் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தார்.

“என்னடி குழந்தே, இன்னிக்குக் கிளாஸ் இல்லையா?”

“சார், ஒரு சந்தேகம்.” ஷெமி எழுந்து நின்றாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. “சார், குட்டப்பன் சாகல்ல.”

“எந்தக் குட்டப்பன்?”

“சுப்பையா சார். உங்க சுப்பையா.”

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “ஓ, தையக்காரனா! சாகத்தான் இல்லை. பொங்கலுக்குள்ளே கதையிலே ஒரு கல்யாணம் வந்தாகணும், எட்டு எபிசோடைத் தூக்கிடுங்கோன்னுட்டான் சானல்காரன். அவன் மஸ்கட் போறதே அந்த எட்டுலேதான். தூக்கினா, அந்தப் பொம்மனாட்டி எதுக்கு அழறான்னு ஜனங்கள் கேக்காதா? ஒரே வரிதான். கொன்னுட்டேன். தையக்காரன்தானே, திரும்பியா வரப்போறான்?”

“வந்துட்டார் சார்.”

“என்னது?”

“மேல்மாடில வந்துட்டார். ரெண்டு எபிசோட் ஓடியாச்சு. நாளைக்குப் பதிவுல உங்க தெருவுக்கே வாறார்.”

பஞ்சாபகேசன் சார் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பப் போடவில்லை. “ஈசுவரா,” என்றார் மெதுவாக. “அண்ணாச்சிக்குத் தெரியுமோ?”

அவர் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு ஷெமிக்குத் தன் பயமே கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கையோடு தன்னுடையதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“எம்மேலயும் தப்பு உண்டு சார். நான் நாலாவது வளைவு பாத்ததே இல்ல, அந்த நேரத்துல வகுப்பு. அவருதான் இவருன்னு தெரியாமப் பேர மாத்தி வெச்சுட்டேன். ஐயப்பன்னு.”

“என்னன்னு வெச்சே?”

“ஐயப்பன். உதடு பொருந்திச்சு...”

“ஐயப்பன்னுதான் ரெண்டு எபிசோடும் ஓடியிருக்கா? எங்கேயாவது சுப்பையான்னு வந்துதா?”

“ஒரு இடத்துலயும் இல்ல சார்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். “அப்போ அவன் சுப்பையாவே இல்லையேடி! வேற ஆள்! ஐயப்பன்! சுப்பையாவோட கூடப்பொறந்த தம்பி!”

“தம்பியா?” என்றாள் ஷெமி.

“அண்ணா போய்ட்டான்னு கேட்டு மஸ்கட்டுலேர்ந்து வந்திருக்கான். முகம் அப்படியே உரிச்சு வெச்சிருக்கு, தெருவே திரண்டு வந்து பாக்கறது, வீட்டுக்காரன் கட்டிண்டு அழறான். படத்திலே என்ன இருக்கோ எல்லாத்துக்கும் பொருந்தறது, கேட்டியா? நீ மட்டும் அந்தத் தொடரைப் பாத்துட்டு ஒழுங்காச் சுப்பையான்னு எழுதியிருந்தேன்னா, நான் தொலைஞ்சேன்!”

“அவரு பெஞ்சாதி தெருவுக்கு வந்தா?”

“வராளா?”

“இந்த எபிசோட்ல இல்ல. பாத்துட்டேன்.”

“வர்றப்போ பாத்துக்கலாம் போ. ஆனா நீ குடையை எடுத்தது தப்பு. எங்காத்து மாமி மலையாளத்திலேயும் பாக்கறவ, குடை எங்கேன்னு ராத்திரி சண்டைக்கே வந்துட்டா, யார் பேசின வசனம்னு நான்தான் கேக்கலே. அந்தத் தெருவிலே இரவல் வாங்கின குடையை எவனும் திருப்பிக் கொடுத்ததில்லே. அதைச் சொல்லிச் சொல்லித்தானே ரெண்டு வருஷமாச் சிரிச்சிண்டிருக்கோம்?”

“தப்புதான் சார்.”

“நானாவது ஆளைத்தான் கொன்னேன்,” என்று சொல்லி அவர் சிரித்தார். ஷெமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மதியத்திலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் சேர்ந்து.

சத்தம் கேட்டு அருமைநாயகம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். கையில் சாவிக்கொத்து. “டேப் ரூம்ல என்ன கூத்து?”

ஷெமி சட்டென்று நிறுத்தினாள். பஞ்சாபகேசன் சார் அவளை ஒருமுறை பார்த்தார். தம்பி கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் எழுந்து நின்று முழுதையும் சொன்னார், சாகடித்ததிலிருந்து.

அண்ணாச்சி கேட்டு முடித்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இப்ப ஆளு செத்தானா, இருக்கானா? அதச் சொல்லும்.”

“அண்ணா செத்தான். தம்பி இருக்கான்.”

“சானல்ல கேட்டா?”

“கேக்க ஒண்ணுமே இல்லே. ரெண்டு பேர், ரெண்டு ஆள். பேரு வெச்சது இவ. ரெண்டு டேப்பையும் ஒப்பிட்டுப் பாத்ததும் இவதான், இல்லேன்னா நாளைக்கு நாம எல்லாரும் நடுத்தெருவிலே நின்னிருப்போம். வெள்ளிக்கிழமை என்னைக் கேப்பேளே அண்ணாச்சி, இப்பவே சொல்லிடறேன். இவளை விட்டுடாதேள்.”

அண்ணாச்சி சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். “இவ இருக்கட்டும், நிரந்தரமா. ஆனா பிள்ளே, இனி ரெண்டு தொடரையும் நீ பாத்துக்கணும். ஒருத்தன் செத்தா ரெண்டுலயும் செத்திருக்கணும். என்ன?”

“சரி அண்ணாச்சி.” அவள் இரண்டு டேப்பையும் அடுக்கில் திருப்பி வைத்தாள். “ஆனா எனக்கு எல்லாம் பிடிபடுமான்னு...”

“அத அப்புறம் சந்தேகப்படு. இப்ப வீட்டுக்குப் போ, வண்டி போயிரும்.”

கீழே அரிசிக்கடையில் ராகேல் அக்கா பையைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: “அப்ப அவன் எனக்கக் கொழுந்தனா! நல்லவேள, சாரு இன்னொருக்கா அழச் சொல்லிருவாரோன்னு பயந்து கெடந்தேன்.”

மதியம் கொண்டுவந்த சோறு தொடப்படாமல் பையில் இருப்பது ஷெமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நேமம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பிறகு டைரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

7.8.2002, புதன்.
வேலை நிரந்தரம். அண்ணாச்சியே சொன்னார். என் காதில் விழுந்தது சரிதான், பஞ்சாபகேசன் சாரும் பக்கத்தில் நின்றார். வகுப்பு ஒன்று போயிற்று, ஷிஜியிடம் நோட்டு வாங்கிக்கொள்ளலாம்.
நாளை: லாரி வருவதற்குள் ஸ்டுடியோ போய், வீட்டுக்காரர் ஐயப்பனைக் கட்டிப்பிடிக்கும் காட்சியை முதலிலிருந்து எழுதவேண்டும். பதிவு மதியம் இரண்டு மணிக்கு.