முந்நூறு மில்லி அம்பியர்

மாப்பிள்ளை ஊர்வலம் கல்முனைக்குடிச் சந்தியைத் தாண்டிவிட்டதாம். அதைக் கேட்டதும் ஸம்றா எழுந்து ஜன்னலடிக்கு வந்துவிட்டாள். கல்யாணப் பெண் என்றால் தலை குனிந்து கட்டிலில் இருக்க வேண்டும். அவளோ வெட்கமே இல்லாமல் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள். வாசலில் நட்டிருந்த இரும்பு வளைவு முழுக்க விளக்குகள் ஜொலித்தன.

மத்தியானம் மழை பெய்ததிலிருந்து, மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை வெட்டும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் போடப்போட விழுந்துகொண்டிருந்தது. இப்போது அசையவே இல்லை.

தம்பி முர்ஷித் துள்ளிக்கொண்டு வந்தான்.

"ராத்தா, இனி விழாது! நம்மட அரிசி ஆலையில இருந்த ட்ரிப் சுவிட்ச கழட்டிக் கொணந்து போட்டுட்டன்."

"ஆலைக் களஞ்சியத்துல இருந்ததா?"

"ஓம். எல்லாம் ஒண்டுதானே?"

ஸம்றா ஜன்னலை விட்டுத் திரும்பினாள். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்தவள் அவள். சீதனமாகக் கிடைத்த இந்த வீட்டுக்கு ட்ரிப் சுவிட்ச் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். முப்பது மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்து ஆளைக் காப்பாற்றுவது. அதிலும் சலவை இயந்திரம் மாதிரிச் சாமான்களின் ஒரே சீராக இல்லாத மின்கசிவையும் பிடிக்கும் 'ஏ' வகை. ஆலையிலுள்ளது பார்வைக்கு அதேபோல இருக்கும். ஆனால் முந்நூறு கசியும்வரை பேசாமல் இருக்கும். அது கட்டடம் தீப்பிடிக்காமல் இருக்க வைத்தது. ஆள் செத்தாலும் அதற்குத் தெரியாது.

மழையில் நனைந்த விளக்கு வயரில்தான் கசிவு என்றால் வாசல் இரும்பு வளைவு முழுக்க மின்சாரம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை றிஸ்வான் செருப்பைக் கழற்றி அந்த வளைவின் கீழ் நிற்பான். மச்சினன் முர்ஷித் செம்புத் தண்ணீரால் அவன் காலைக் கழுவுவான். எதையாவது பிடித்துக்கொள்ளாமல் எந்த மாப்பிள்ளை ஒற்றைக் காலைத் தூக்குவான்?

அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன் விறாந்தையிலிருந்த மெயின் சுவிட்சை நோக்கி ஓடினாள்.

"பொண்ணு வெளிய போறதா? சனம் என்ன கதைக்கும்!" கைருன்னிஸா மாமி அலறினாள்.

"கதைக்கட்டும் மாமி!"

மெயின் சுவிட்சுக்கு முன்னால் முர்ஷித் முந்தி ஓடிவந்து குறுக்கே நின்றான். "மாப்பிள்ளை வாற நேரம் இருட்டாக்கினா வாப்பா முகத்த எங்க வெச்சுக்கொள்ற?"

"அப்ப போய் அந்த வளைவில டெஸ்டர வெச்சுப் பாரு. கையால தொட்டுடாத!"

முணுமுணுத்துக்கொண்டே போனான். மெயினில் கையை வைத்தபடி அவள் காத்திருந்தாள். அதற்குள் ஊர்வலமும் வாசலுக்கு வந்துவிட்டது. றிஸ்வான் செருப்பைக் கழற்றினான். ஈர மண்ணில் வெறுங்கால். வளைவைப் பிடிக்கக் கையை நீட்டினான். முர்ஷித் வளைவில் வைத்த டெஸ்டரின் பிடி சிவப்பாக எரிந்தது.

"மச்சான் தொடாதீங்க! ராத்தா, நிப்பாட்டுங்க!"

அவன் கத்தியதும் அவள் மெயினை இழுத்ததும் ஒன்றாகவே நடந்தன. வீடு, வாசல், வளைவு எல்லாம் இருண்டன. சனம் ஓவென்று இரைந்தது. கைபேசி வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எழும்பின.

உயிரில்லாத வளைவை றிஸ்வான் பிடித்துக்கொண்டு நின்றான். முர்ஷித் குந்தியிருந்து அவன் காலில் தண்ணீர் ஊற்றினான். பாதித் தண்ணீர் வெளியே சிந்தியது.

"ஏன் மச்சான் தண்ணியெல்லாம் வெளிய போகுது?" றிஸ்வான் சிரித்தான்.

முர்ஷித் செம்பை மறுபடி நிரப்பினான். அழுதுகொண்டே அடுத்த காலையும் கழுவினான்.

மெயின் சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் ஸம்றா பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் காலோடு, உயிரோடு, சிரித்தபடி அவன் படியேறி வந்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளையை வரவேற்றுக் குரவையிட வேண்டிய பெண்கள் திகைத்து நிற்க, அந்த இருட்டில் முதல் குரவையைக் கல்யாணப் பெண்ணே போட்டாள்.