செவி மலர்ந்தபோது விழுந்த வசவு

நெடுஞ்செவியர் வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால் ஒன்பது மாதத்துக்கு அந்த அறையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பிறக்கும்போது பிள்ளையின் காது மொட்டுப்போலச் சுருண்டு, மேலே மெல்லிய தோல் மூடி, மண்டையோடு ஒட்டிக் கிடக்கும். ஒன்பதாம் மாதம் தோல் கிழிந்து காது நிமிரும்; சொல் விழுந்துவிட்டால் நாள் நிறையும் முன்பே கிழிந்துவிடும். அந்த நேரம் எந்தக் குரலில் முதல் சொல் விழுகிறதோ, அந்தக் குரலோடு பிள்ளை ஒட்டிக்கொள்ளும். அந்தக் குரல் கேட்டால்தான் சாப்பாடு, அந்தக் குரல் கேட்டால்தான் தூக்கம். பெற்றவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அப்புறம்தான். காது முழு உயரத்துக்கு வளர ஏழு வருஷம் ஆகும். அதுவரை குரல் கொடுத்தவரும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும். பிரித்து வைத்த பிள்ளைகளின் காது சூம்பிப்போனதை ஊரே கண்ணால் பார்த்திருக்கிறது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கித் தள்ள வழியில்லை.

கடுகு இதைக் கல்லூரியிலும் படித்திருந்தாள். உயரமான இனத்தில் குட்டையாகப் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். காரம் பிற்பாடு சேர்ந்தது. ஐம்பத்தெட்டு வயது. முந்நூறு வயது வாழ்கிற கூட்டத்தில் இப்போதுதான் மீசை அரும்புகிற வயது என்று அவள் மாமா, அதாவது அக்கா புருஷன், கிண்டல் பண்ணுவார். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். செவி மருத்துவம் படிக்க அவளுக்குப் பதினெட்டு வருஷம் ஆனது. அவள் அம்மா சலவைக்கூடத்தில் மற்றவர்களின் படுக்கை விரிப்பைத் துவைத்தே அவளைப் படிக்க வைத்தாள்.

இப்போது தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காது வார்டில் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கே டாக்டர்கள் எல்லாரும் குட்டைச்செவியர். எழுபது வயதிலேயே கிழடாகிவிடுகிற, பாவம், அவசரக்கார இனம். நெடுஞ்செவியின் எலும்பு, நரம்பு, ரத்தம் எல்லாவற்றையும் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் அவர்கள்தான். காதை வைத்திருப்பவர்களில் ஒருத்திகூட அந்த வார்டுக்குள் நோயாளியாக அல்லாமல் நுழைந்ததில்லை. கடுகு நுழையப்போகிறாள். அது நடக்குமா நடக்காதா என்பதுதான் அந்த வாரம் முழுவதும் அவளுக்கு இருந்த ஒரே கேள்வி.

நடக்காமல் போக ஒரே ஒரு காரணம் இருந்தது. அது கூடத்தில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தது.

பெரியப்பாவுக்கு இருநூற்றுப் பத்து வயது. குரல் நல்ல கனம், வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினமாதிரி இருக்கும். அந்தக் குரலை வைத்தே பிழைத்தவர். நான்கு பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். நான்கு வீட்டில் ஏழேழு வருஷம் உட்கார்ந்து, வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிட்டு, 'உப்பு ஒரு கல்லு கம்மி' என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். அக்காவின் பிள்ளைக்கு அவரைத்தான் நிச்சயித்திருந்தார்கள். ஒன்பது மாதம் நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் கட்டில் போன மாதமே வந்துவிட்டது.

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கிறவள், மெஷினில் உட்கார்ந்தால்தான் அடுப்பு எரியும். மாமா லிஃப்ட் மெக்கானிக். விடிந்தால் ஏதோ ஒரு மாடிக்கும் இன்னொரு மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார். அம்மாவுக்குச் சலவைக்கூடம். அப்படியானால் பெரியப்பாவுக்கு வெந்நீர் வைக்க, துணி மடிக்க, பிள்ளையை அவர் மடியில் வைத்துத் திரும்ப எடுக்க யார்? எல்லாருடைய காதும் மெதுவாகக் கடுகின் பக்கம் திரும்பும். நெடுஞ்செவியரிடம் இது ஒரு தொல்லை, மனதில் நினைத்தது காதில் தெரிந்துவிடும்.

"வேலை எங்கடி ஓடிப்போகுது?" என்பார் பெரியப்பா. "முன்னூறு வருஷம் ஆயுசு. அடுத்த நூறுல பாத்துக்க."

ஆயுசு நீளமான இனத்தில் பெண்பிள்ளையாகப் பிறந்தால் இதுதான் கதி. 'முடியாது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'அப்புறம்' என்பார்கள். அம்மாவுக்கு நூற்றறுபது வயது. பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டபோது அவளிடமும் 'அப்புறம்' என்றுதான் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கடுகு பிள்ளையின் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாளில் துணி சுற்றியிருந்தது. அந்த அறையில் இடி விழுந்தாலும் பரவாயில்லை, சொல் மட்டும் விழக் கூடாது. பெரியப்பா உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதால் பேச ஆரம்பித்தார். வாய் திறக்க முடியாத இடத்தில் நெடுஞ்செவியர் காதை ஆட்டி, மடித்து, திருப்பிப் பேசுவார்கள். கல்யாணப் பேச்சுகூட முடித்துவிடுவார்கள்.

அவர் காது சொன்னது இதுதான்: கவலையை விடு. உன் வார்டுப் பெரிய டாக்டரம்மாவுக்கு மத்தியானம் போன் பண்ணிட்டேன். வீட்டுல பிள்ளை இருக்கு, ஏழு வருஷம் கழிச்சு வருவான்னு சொல்லிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க.

கடுகின் காது இரண்டும் பின்னால் படுத்தது. நெடுஞ்செவியில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. பெரியப்பா சிரித்தார். அவள் காதை விறைத்து, முறுக்கி, தனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் காதாலேயே கொட்டினாள். போதவில்லை. பதினெட்டு வருஷப் படிப்புக்கும் அம்மாவின் வெந்துபோன கைக்கும் காது எப்படிப் போதும்?

வாய் திறந்தது.

"யாரைக் கேட்டுய்யா போன் பண்ணுன? தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குற ஆளுக்கு என் வேலைமேல என்னய்யா அதிகாரம்? எங்கம்மா துவைச்ச துணியை வரிசையாக் கட்டுனா நீ உக்காந்து தின்ன நாலு வீட்டையும் சுத்தி வரும், தெரியுமா?"

தொட்டிலில் 'டப்' என்று ஒரு சத்தம். நெற்று வெடித்தமாதிரி. பின்னாலேயே இன்னொரு 'டப்'.

இரண்டு பிஞ்சுக் காதுகள், ஈரம் காயாமல், சிவப்பாக நிமிர்ந்து நின்றன. நின்றதும் கடுகின் பக்கம் திரும்பின. பிள்ளை வாயைத் திறந்து சிரித்தது.

அதற்குள் வீடே அறை வாசலில் கூடிவிட்டது. பெரியப்பா அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணே, குலவிளக்கே" என்று வெண்கலக் குரலில் தொடங்கினார். பிள்ளை வீறிட்டது.

"ஐயோ, எதையாவது சொல்லுடி!" என்றாள் அக்கா.

"என்னத்தைச் சொல்ல? எல்லாம் நாசமாப்போச்சு!" என்றாள் கடுகு.

அழுகை நின்றது.

"திட்டுனா நிக்குதே!" என்றார் மாமா. "லிஃப்ட்டும் அப்படித்தான். ரெண்டு வார்த்தை திட்டாம ஒரு மாடி ஏறாது."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு வருஷம், ஒரே கூரை. கடுகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பிள்ளையின்மேல் கோபமும் வரவில்லை, அது பாட்டுக்குத் தன் புதுக் காதை அவள் பக்கம் ஆட்டி ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அம்மா போனைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். "அவங்ககிட்ட நீயே பேசு. உன் வாயால சொல்லு."

டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே சிரித்தார். "ஏழு வருஷமா? யாரோ விளையாடுறாங்கன்னு நெனச்சேன்மா. ஏழு வருஷத்துல நான் ரிட்டயரே ஆயிடுவேன். திங்கக்கிழமை காலைல வந்துடு. வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க, என்னால தடுக்க முடியாது."

"அவங்க சரின்னு சொன்னாங்கன்னியே?" என்று கடுகு பெரியப்பாவைக் கேட்டாள். அவர் காது நுனி இரண்டும் நடுங்கின. பொய் பிடிபட்டால் நடுங்கும், யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

"சரி, போனது போகட்டும்," என்றார் அவர். "வழக்கம்னா வழக்கம்தான். குரல் கொடுத்தவ பிள்ளையோட இருக்கணும். குகைக் காலத்துலேருந்து வர்ற வழக்கம் இது."

குகைக் காலம் எந்த நெடுஞ்செவிக் குழந்தைக்கும் தெரியும். குட்டைச்செவியர் காட்டைக் கொளுத்தியபோது இனம் மொத்தமும் மலைக்கடியில் இருந்த குகைகளுக்குள் இறங்கியது. வெளிச்சம் கிடையாது. கண்ணை நம்பி ஒரு அடி வைக்க முடியாது. இருட்டில் பிள்ளைகள் ஒரே ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தன. வேறு குரலுக்குத் திரும்பியவை பள்ளத்தில் விழுந்தன. மிஞ்சியவற்றின் வாரிசுகள்தான் இவர்கள்.

அக்கா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். பொதுவாக அவள் பேசமாட்டாள். வாயில் எப்போதும் குண்டூசியைக் கவ்வியிருப்பாள்.

"பெரியப்பா, குகையில குரல் கொடுத்தவங்க உக்காந்தா இருந்தாங்க?"

"என்னது?"

"நடந்தாங்கல்ல? முன்னால குரல் போச்சு. பின்னால பிள்ளை போச்சு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். குரல் தலைநகரத்துக்குப் போகுது. பிள்ளையும் போகும். பிள்ளை போற இடத்துக்கு நான் போவேன். என் மெஷின் எங்க போட்டாலும் தைக்கும்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல?" என்றார் மாமா. "அங்க நாப்பது மாடிக் கட்டடமாம். லிஃப்ட் மாட்டாம இருக்குமா?"

"அப்போ நான்?" என்றார் பெரியப்பா.

"கட்டில் இங்கதான் இருக்கும்," என்றாள் அம்மா. "வெந்நீர் மட்டும் நீங்களே வச்சுக்கணும். அடுப்பைக் காட்டித் தர்றேன், வாங்க."

கடுகு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் கத்திக்கொண்டிருந்தவள் கடுகுதான். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல் அக்கா மூட்டையைக் கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள்.

தலைநகரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு கிடைத்தது. முன்னறையில் மெஷின், பின்னறையில் தொட்டில். பகலில் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டும் வேளைக்குக் கடுகு ஓடிவந்து நான்கு வார்த்தை பேசிவிட்டு ஓடுவாள். சீருடைக்கு ஆர்டர் குவிந்தது. மாமா மேலே போனால் கீழே வர இருட்டிவிடும். அம்மாவும் ஒரு மாதத்தில் சலவைக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். தெருமுனை மாலைப்பள்ளியில் எழுத்துக் கற்கப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் குட்டைச்செவிக் கிழவிகளுக்கு நடுவில் இரண்டு காதும் கூரையைத் தொட உட்கார்ந்திருக்கிறாள்.

வேறொரு சிக்கல் வந்தது. கடுகுக்குக் கோபம் வரவில்லை. வார்டில் நோயாளிகள் அவள் காதைக் கண்டதும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறார்கள். டாக்டரம்மா எலும்பைப் பற்றி எழுதியதில் அவள் தப்பு கண்டுபிடித்தபோது, "அட, ஆமா" என்று அடித்துத் திருத்திவிட்டார். சண்டை போடக்கூட ஆளில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "தூங்குடா செல்லம்" என்று குழைவாள். கோபமில்லாத அந்தக் குரலைத் தெரியாத பிள்ளை, யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்து அழும்.

"ஏதாவது திட்டேன்டி," என்று அக்கா கெஞ்சுவாள்.

"யாரைத் திட்ட?"

கடைசியில் பெரியப்பாதான் கைகொடுத்தார். பொழுது சாய்ந்ததும் போன் வரும்.

"சோறு குழைஞ்சுபோச்சுடி இன்னைக்கும்," என்பார் வெண்கலக் குரலில். "பொம்பளைங்க நாலு எழுத்துப் படிச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்."

"யோவ் பெரியப்பா..." என்று தொட்டிலோரம் நின்று கடுகு ஆரம்பிப்பாள்.

அவர் இடையில் ஒரு சொல் பேசுவதில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போது, தணிந்த குரலில் கேட்பார்:

"தூங்கிருச்சா?"

"இன்னும் இல்ல. ஒரு காதுதான் மடங்கியிருக்கு."

"அப்போ உன் படிப்பால எனக்கு ஒரு வாய்ச் சோறு உண்டான்னு கேக்குறேன்," என்பார் பெரியப்பா.